செவிவழிச் செய்தியும் செவிலியர் பணியும்

 

நம் கல்விச் சங்கத்தின் ஆதரவால் செவிலியரானவள் நான். இன்று நம் பெண்கள் பலர் அப்பணிக்குச் செல்கின்றனர். மருந்தையும் ஊசியையும் பற்றிப் பயிற்சியில் கற்பிப்பார்கள். வதந்தியை எதிர்கொள்ளும் முறையை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஆகவே அதுபற்றியே இன்று பேச விழைகிறேன்.

நான் பணியேற்ற முதலாண்டில், ஒரு நாள் காலை எங்கள் வார்டில் ஊசிமருந்துக் குப்பிகள் இரண்டு கணக்கில் குறைந்தன. முந்தைய இரவு பணியிலிருந்தோர் மூவர். ஆயினும், நண்பகலுக்குள் என் பெயர் மட்டுமே அடிபட்டது. "கோட்டாவில் வந்தவள்தானே" என்ற சொல்லே அதற்குச் சான்றாயிற்று! இடஒதுக்கீடு கல்விக்கூடத்தின் வாயிலைத் திறக்கிறதேயன்றி, இறுதித் தேர்வில் எவரையும் தேற்றிவிடுவதில்லை. ஒரே வினாத்தாளை எழுதித் தேறி, ஒரே கவுன்சிலில் பதிவு பெற்றே அனைவரும் வார்டினுள் நுழைகிறோம். இதனை நன்கறிந்தவர்களே அவ்வாறு பேசினர்.

நான் அழுதேன். பின்னர், இருப்புப் பதிவேட்டை எல்லோர் முன்னிலையிலும் சரிபார்க்க வேண்டுமெனத் தலைமைச் செவிலியருக்கு எழுதிக் கொடுத்தேன். குப்பிகள் இரண்டும் அவசரத்திற்காக அண்டை வார்டுக்குச் சென்றிருந்தன. அவ்வார்டின் ஏட்டில் வரவும் வைக்கப்பட்டிருந்தன. கொடுத்தவர் எங்கள் ஏட்டில் செலவு எழுத மறந்திருந்தார். வதந்தி அடங்கிற்று. பரப்பியவர் எவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

இத்துடன் நிறுத்தினால் உங்கள் கைதட்டல் எனக்குக் கிடைக்கும். ஆனால், முழு உண்மை அதுவன்று.

சில ஆண்டுகள் கழித்து, இளம் செவிலியர் ஒருவரையும் ஒரு மருத்துவரையும் இணைத்துப் பேச்சு எழுந்தது. பணி மாறும் வேளையில் கேட்டதை உணவு வேளையில் நானும் சொன்னேன். அப்பெண்ணிடம் ஒரு சொல்லும் கேட்டேனில்லை. ஒரு திங்களுக்குள் அவர் வேலையைத் துறந்து ஊர் போய்ச் சேர்ந்தார். பின்னரே அவர் எழுதிய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினேன். மருத்துவரை அழைத்த ஒவ்வோர் இரவிலும், ஒரு நோயாளியின் மூச்சுத்திணறலோ இரத்தப்போக்கோ நேரத்தோடு பதிவாகியிருந்தது. என்னைச் சுட்ட தீயை நானே இன்னொருத்தியின் கூரையில் வைத்துவிட்டேன்.

செய்தி முக்கியமானதாகவும் தெளிவற்றதாகவும் இருக்குமிடத்தில் வதந்தி வளர்கிறது என்று 1947இல் ஆல்போர்ட், போஸ்ட்மன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் எழுதினர். மருத்துவமனையோ உயிர் காக்கும் இடம். இரவில் நடந்ததைக் கண்டவர் காலையில் வீடு சென்றுவிடுவர். வதந்திக்கு வேறென்ன வேண்டும்?

பொதுவிடத்தில் சாதியைச் சொல்லி நம்மை இழிவுபடுத்துவோரை 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கும். மூலையில் முணுமுணுப்போரைச் சட்டம் எளிதில் பிடிக்காது. அங்கே ஏடுதான் நமக்குக் காவல். ஆகவே செய்ததை உடனே, நேரத்தோடு எழுதி வையுங்கள். பழி வந்தால் விசாரணையை எழுத்தில் கேளுங்கள். பிறர்மீது பழி வந்தால், அவரிடமே நேரில் கேளுங்கள். கேளாமல் ஒரு சொல்லும் கைமாற்றாதீர்கள்.

பிறர் வாய்ச்சொல்லால் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்டவர் நாம். நம் வாய்ச்சொல்லால் ஒருவரும் தாழ வேண்டா.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்!