ஆர்டர் நிறைந்திருக்கும்போதே



புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறினால் மாத்தூர் தொழிற்பேட்டையைக் கடந்துதான் போக வேண்டும். அங்குள்ள பல பட்டறைகள் திருவெறும்பூர் பெல் நிறுவனத்தின் கொதிகலன் வேலையை நம்பி வளர்ந்தவை. பிளேட்டை பெல் கொடுக்கும். வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து கொடுத்தால் டன் கணக்கில் கூலி. நாடெங்கும் அனல்மின் நிலையங்கள் எழுந்தபோது இரவு ஷிப்டும் ஓடியது. 2012க்குப் பிறகு புதிய அனல்மின் ஆர்டர்கள் சுருங்கின. பட்டறைகள் ஒவ்வொன்றாக வேலையிழந்தன. கைத்திறனில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. வாங்குபவர் ஒருவரே என்பதுதான் வினையானது. கைநிறைய வேலை இருந்த நாளில் அந்த ஆபத்து யார் கண்ணிலும் படவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

ஒருவரையே நம்பும் இந்த ஆபத்துக்குப் பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்தது. டொயோட்டாவுக்கு வேண்டிய ஒரு சிறு பிரேக் வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்போ மிகக் குறைவு. ஜப்பானில் டொயோட்டாவின் கார் உற்பத்தி பெரும்பாலும் நின்றுபோனது. வரைபடங்களை வாங்கிக்கொண்டு பல நிறுவனங்கள் ஓடிவந்து வால்வு செய்து கொடுத்தன. தையல் எந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் அவற்றில் ஒன்று. அதனால்தான் சில நாட்களில் மீள முடிந்தது.

ஆபத்து எப்போதும் தீயாகவோ புயலாகவோ வருவதில்லை. வெல்டிங் ராடைப் பாருங்கள். லோ ஹைட்ரஜன் ராடை ஓவனில் காயவைத்து, சூடு ஆறுமுன் பயன்படுத்த வேண்டும். மின்சாரம் போய் ஓவன் ஆறினால் ராடின் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ராடில் பற்றவைத்த இணைப்பு அன்றைக்குப் பார்க்க நன்றாகவே இருக்கும். ஓரிரு நாள் கழித்து உள்ளுக்குள் விரிசல் விடலாம். அதற்குள் சரக்கு லாரி ஏறியிருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபின் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி மின்சாரம் போனால், ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று முதலாளி கேட்பார். அந்த ஜெனரேட்டர் லைனில் ஓவன் இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவர் வெல்டர்.

அனல்மின் ஆர்டர்கள் இப்போது மறுபடி வரத் தொடங்கியிருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டாவது வாடிக்கையாளரைத் தேட வேண்டிய காலமும் இதுவே. இன்று பட்டம் பெறும் நீங்கள் எந்த ஆலையில் சேர்ந்தாலும், முதல் வாரமே ஸ்டோருக்கும் வேலைத்தளத்துக்கும் போங்கள். எந்தப் பொருள் வராவிட்டால் லைன் நிற்கும், அதை எத்தனை பேரிடம் வாங்குகிறோம் என்று கேளுங்கள். அங்கே வேலை செய்பவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு, ஆர்டர் நிறைந்திருக்கும்போதே முதலாளியிடம் எடுத்துச் சொல்லுங்கள்.