ஒரே ரோட்டில் நான்கு நாடுகள்

(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ ஜெர்மனி, லண்டன் எல்லாம் இருந்துட்டு வந்தவன்தானே, அங்கே ஆஸ்பத்திரி எல்லாம் எப்படின்னு பேசுப்பா" என்று செயலாளர் போனில் சொன்னார். நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். ஸ்டெதஸ்கோப்பைக்கூட ஒரு சென்சாராகத்தான் எனக்குப் பார்க்கத் தெரியும். ஆகையால் வைத்தியத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. வைத்தியத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள், எப்போது கட்டுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது குழாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரியான விஷயம். எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது நம் தொழில்.

உலகத்தில் பெரும்பாலான நாடுகள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழிகளை நான்கு வகையில் அடக்கிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், நான்கையும் பார்க்க மீனம்பாக்கத்தில் விமானம் ஏற வேண்டியதில்லை. நம் எம்.ஐ.டி. கேட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தாலே போதும். (ஜி.எஸ்.டி. என்றதும் ஜூனியர்கள் வரியை நினைக்க வேண்டாம். இது கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு, வரிக்கு ரொம்ப மூத்தது.)

முதலில் பிரிட்டன். கட்டடம் அரசாங்கத்துடையது, டாக்டருக்குச் சம்பளம் அரசாங்கம், செலவு பொது வரியிலிருந்து. 1948 ஜூலை 5-ஆம் தேதி அங்கே தேசிய சுகாதார சேவை ஆரம்பமானது இந்த அடிப்படையில்தான். நம் குரோம்பேட்டை ஜி.ஹெச். அந்த ஜாதி. அடுத்த ஸ்டேஷனுக்கே பெயர் கொடுத்த தாம்பரம் சானடோரியமும் அப்படியே. ஆனால் அது அப்படிப் பிறக்கவில்லை. இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திவிட்டுத் திரும்பிய டாக்டர் சௌரி முத்து 1928-ல் தனியார் நிறுவனமாகத்தான் அதைத் தொடங்கினார். 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிரிட்டன் தன் ஆஸ்பத்திரிகளைத் தேசியமயம் ஆக்குவதற்குப் 11 வருஷம் முன்னால், ஒரே ஒரு ஆஸ்பத்திரி அளவில் தாம்பரத்தில் அது நடந்துவிட்டது!

காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு வேண்டும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அத்தனை லட்சம் பேருக்குப் படுக்கை போட எந்த நாட்டு பட்ஜெட்டும் தாங்காது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், நம் மாநில அரசும் சேர்ந்து ஒரு மையம் ஆரம்பித்தன. ஒரு பிரிவு நோயாளிகளுக்கு சானடோரியத்தில் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதே மாத்திரை, சொந்த வீட்டிலேயே, அது எவ்வளவு நெரிசலான வீடாக இருந்தாலும். 1959-ல் முடிவு வெளிவந்தது: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க காசநோய்ச் சிகிச்சை படுக்கையை விட்டு வீட்டுக்கு இறங்கியதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். எத்தனை பணம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த இடத்தில் செலவழிக்கிறோம் என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது ஜெர்மனி. 1883-ல் பிஸ்மார்க் கொண்டுவந்த சட்டம். தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் ஒரு பங்கை நோய் நிதியில் கட்ட வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் என் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் சம்பளச் சீட்டில் சின்ன வயதிலிருந்து பார்த்த அதே வரி! நம் இ.எஸ்.ஐ.தான் அது. 1948-ல் சட்டம், 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடக்கம். 2019-லிருந்து தொழிலாளி 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம். ஜெர்மனியில் இருவரும் சேர்ந்து 14.6 சதவீதம், ஆளுக்குப் பாதி; அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல் கட்டணமும் உண்டு.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். அப்பா கிண்டி எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் கே.கே. நகர் இ.எஸ்.ஐ.யில் நடந்தது, பஸ் டிக்கெட் தவிர ஒரு பைசா செலவில்லை. 2008-ல் அப்பாவை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வீட்டில் கேசரி கிண்டினோம். சம்பளம் 10,000 ரூபாயைத் தாண்டியது. அன்றைக்கு இ.எஸ்.ஐ. உச்சவரம்பு அந்த 10,000தான். பதவி உயர்ந்தது, கார்டு போனது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதற்கு ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் அப்பா பணக்காரர். அந்த டிசம்பரில் ஒரு ராத்திரி அவருக்கு நெஞ்சு வலி. சென்ட்ரல் ஜி.ஹெச். வரை போக யாருக்கும் தைரியம் இல்லை; பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணன் கிட்டே இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "ஐம்பதாயிரம் கட்டிட்டு வாங்க" என்றார்கள். அம்மா வளையலைக் கழற்றினாள். மீதிக்குச் சித்தப்பா வட்டிக்கு வாங்கினார். அப்பா பிழைத்தார், இன்றைக்கும் காலையில் வாக்கிங் போகிறார். நான் வேலைக்குப் போன முதல் இரண்டு வருஷச் சம்பளம் அந்த வட்டிக்குப் போனது.

ஜெர்மனியிலும் ஒரு உச்சவரம்பு உண்டு. ஆனால் அங்கே சம்பளம் அதைத் தாண்டினால், பொது நிதியை விட்டு விருப்பப்பட்டால் தனியாருக்குப் போகலாம். போகலாம், அவ்வளவுதான். இங்கே தாண்டினால் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அங்கே வேலை போனால், உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகமே சந்தாவைக் கட்டும். வருமானம் இல்லாத மனைவி, பிள்ளைகளுக்குத் தனிச் சந்தா கிடையாது. ஒரே கம்பி நீளமாகப் போகிறது. நாம் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது கனடா. டாக்டர் தனியார், பில் கட்டுவது அரசாங்கம். 1962-ல் சஸ்காச்சுவான் மாகாணம் இதைத் தொடங்கியபோது டாக்டர்கள் 23 நாள் ஸ்ட்ரைக் செய்தார்கள். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தூரத்துச் சொந்தம்: 2009-ல் ஒரு பெயர், 2012-ல் வேறு பெயர், 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைப்பு. வித்தியாசம் இதுதான்: கனடாவில் எல்லோருக்கும், இங்கே வருமானச் சான்றிதழ் உள்ளவருக்கு, அதுவும் முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்தால்.

நான்காவதற்கு நாட்டின் பெயரே வேண்டாம். ரொக்கம். பணம் இருந்தால் வைத்தியம். 2013-14-ல் இந்தியாவின் மொத்த சுகாதாரச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது. 2021-22 கணக்கில் அது 39.4 சதவீதம். குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் நோய் வந்தபின் பையைத் தேடுவது என்பது ரொம்ப மோசமான இன்ஜினியரிங்.

"அப்போ அமெரிக்கா?" என்று கேட்பீர்கள். நம்மில் பாதிப் பேர் அங்கேதானே இருக்கிறீர்கள்! அமெரிக்கா நம்மைப் போலத்தான். 1965-லிருந்து முதியவர்களுக்கு ஒரு கதவு, ஏழைகளுக்கு ஒரு கதவு, வேலையில் இருப்பவருக்குக் கம்பெனி இன்சூரன்ஸ், நடுவில் நிற்பவர்களுக்காக 2010-ல் ஒரு சட்டம். நாட்டு உற்பத்தியில் சுமார் 17 சதவீதம் செலவழித்தும் அங்கே வேலை மாறும்போது வயிற்றில் புளி கரைகிறது. பிரிட்டனில் அந்தப் பயம் இல்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். 2023-ல் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. லண்டனில் என் முழங்காலுக்கு ஸ்கேன் தேதி வருவதற்குள் முழங்கால் தானாகவே சரியாகிவிட்டது.

நாம் பார்த்துக் கற்க வேண்டியது தாய்லாந்தை என்பது என் கருத்து. அவர்களிடமும் அரசு ஊழியருக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று என்று தனித்தனிக் கதவுகள். 2002-ல் அவற்றை இடிக்கவில்லை. இதில் எதிலும் இல்லாத எல்லோரும் மூன்றாவது கதவு என்று சொல்லிவிட்டார்கள். வருமானச் சான்றிதழ் கிடையாது. ஒரு தடவைக்கு 30 பாட். 1997 பொருளாதாரச் சரிவிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்த நாடு அது.

நமக்கு அந்தத் திறமை இல்லை என்று சொல்ல முடியாது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்தார்கள். மாநிலம் முழுக்க மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, மாதிரிகளைக் கம்பெனிப் பெயரை மறைத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். பணமாக அல்ல, அந்த அளவுக்கு மருந்தாக எடுத்துக்கொள். கேரளாவும் ராஜஸ்தானும் பின்னால் அதே வழியில் கழகம் வைத்தன. 2021-லிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வரையறுத்த தொகைக்குள், யார், எந்த ஊர் என்று பார்க்காமல் அரசு பணம் கட்டும் திட்டமும் அந்த வருஷம்தான் வந்தது, இதே ஜி.எஸ்.டி. ரோட்டில், மேல்மருவத்தூரில் தொடங்கி வைத்தார்கள். லாரி மோதினால் கேள்வி இல்லை. நெஞ்சு அடைத்தால் மட்டும் ஏன் வருமானம் கேட்க வேண்டும்?

இந்தக் கூட்டத்தில் கம்பெனி நடத்துபவர்கள் பலர் இருக்கிறீர்கள். இ.எஸ்.ஐ. வரம்பு 2017-ல் 21,000 ரூபாய் ஆனது. உங்கள் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் ஆட்கள் அதற்குள் வருபவர்கள். கான்ட்ராக்டர் கட்டுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் கட்ட வேண்டிய பொறுப்பு சட்டப்படி உங்களுடையது. திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் கேட்டில் நிற்கும் அந்தப் பெரியவரிடம், "அண்ணே, உங்க இ.எஸ்.ஐ. நம்பர் என்ன?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் அவர் மனைவிக்கும் தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு அந்த நம்பர் வேண்டியது அந்த அம்மாவுக்குத்தான்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார்.