பதக்கத்தில் பெயர் இல்லை!



அப்பாவின் நிலத்தைப் பங்கு போட அளவுகோல் உண்டு. அம்மாவின் நகையைப் பங்கு போடத் தராசு உண்டு. ஆனால், போர்க்காலக் கடற்படையில் பணிபுரிந்த அண்ணன் தம்பி இருவரின் பதக்கங்கள் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் எதை வைத்துப் பிரிப்பது?

1941 டிசம்பர் 10. குவாந்தானுக்கு அப்பால் உள்ள கடலில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அவை சிங்கப்பூருக்கு வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. 840 பேர் மாண்டனர்.

அவர்களில் ஒருவருக்கு ஒரு தம்பி இருந்ததாக வைத்துக்கொள்வோம். தம்பியும் கடற்படைதான். அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்று, உயிரோடு வீடு திரும்புகிறார். போர் முடிந்த பிறகு, சிறிய அட்டைப் பெட்டியில் பதக்கங்கள் தபாலில் வருகின்றன. மாண்ட மகனின் பதக்கங்கள் பெற்றோருக்கு. திரும்பிய மகனோ தாமே விண்ணப்பித்துப் பெற வேண்டும். விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டவர்களும் உண்டு.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. முதல் உலகப் போரின் பதக்கங்களில் வீரரின் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினருக்குக் கொடுத்த போர்க்களப் பதக்கங்களில் பெயர் பொறிப்பதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. இந்திய, தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியப் படையினரின் நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் உண்டு. பிரிட்டிஷ் மாலுமியின் நட்சத்திரத்தில் இல்லை!

ஆகவே, அண்ணனின் ‘1939-45 நட்சத்திரமும்’ தம்பியின் ‘1939-45 நட்சத்திரமும்’ அச்சு அசலாக ஒன்றுதான். அடர்நீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று முப்படைகளைக் குறிக்கும் நாடாவும் ஒன்றேதான். வேறுபடுத்திக் காட்டுபவை, அண்ணனுக்குரிய ‘பசிபிக் நட்சத்திரமும்’ தம்பிக்குரிய ‘அட்லாண்டிக் நட்சத்திரமும்’ மட்டுமே.

பெற்றோர் காலமான பிறகு எல்லாம் தம்பி வீட்டுக்கு வருகின்றன. பேரப்பிள்ளைகள் ஆசையாக எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தில் வரிசையாக மாட்டுகிறார்கள். “எங்கள் தாத்தா அட்லாண்டிக்கிலும் போரிட்டார், பசிபிக்கிலும் போரிட்டார்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆனால் என்ன நடந்துவிட்டது? திரும்பி வந்தவருக்கு இரண்டு மடங்கு வீரம். திரும்பாதவர் அந்த வீட்டில் பிறக்கவே இல்லை என்றாகிவிட்டது!

அவருக்கு மனைவி மக்கள் இல்லை. பூப்போட ஒரு கல்லறையும் இல்லை. பிளிமத், போர்ட்ஸ்மத், சாத்தம் நகரங்களில் உள்ள கடற்படை நினைவுச் சின்னங்கள், கடலில் மாண்டு கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. நாடு கல்லில் எழுதிய பெயரை, வீடு காகிதத்தில்கூட எழுதி வைக்காமல் விடலாமா?

பதக்கங்களைப் பிரித்து இரண்டு வீடுகளுக்குக் கொடுப்பதா, ஒரே வீட்டில் வைப்பதா என்பது அடுத்த கேள்வி. எங்கே இருந்தாலும் இரண்டு பெட்டிகளாக இருக்கட்டும். வந்த அட்டைப் பெட்டியையும் அதிலிருந்த துண்டுச் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். பெயர், கப்பல், பணி எண் ஆகியவற்றை எழுதி உடன் வையுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டதா? கடற்படைப் பணி ஆவணம் இருக்கிறது. எவர் எந்தக் கப்பலில், எப்போது இருந்தார் என்று அது சொல்லும்.

உலோகம் பளபளப்பதற்குத் துணியும் கொஞ்சம் மெருகும் போதும். அண்ணன் அண்ணனாகவும் தம்பி தம்பியாகவும் நிலைத்திருக்க, வீட்டில் உள்ள ஒருவர் பேனாவை எடுக்க வேண்டும். அதை எடுக்க வேண்டியவர், அவர்களை நேரில் அறிந்த கடைசி மனிதர். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.