குறிப்பறிந்து பாட்டறிதல்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



அன்பர்கள் கூடும் அவைகளில் ஆடப்பெறும் இனிய விளையாட்டு ஒன்று உண்டு. வினவுபவர் புகழ்பெற்ற பாடல் ஒன்றை மனத்துள் வைத்துக்கொண்டு, அதனைச் சுட்டும் குறிப்புகளை ஒவ்வொன்றாக வெளியிடுவார். கேட்போர் அப்பாடலைக் கண்டு சொல்லுதல் வேண்டும். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு', கொடுத்த எழுத்தில் பாடலைத் தொடங்கச் சொல்லி நினைவாற்றலைச் சோதித்தது. குறிப்புப் போட்டியோ நினைவோடு நிதானத்தையும் வேண்டுவது.

காரைக்கால் மண்ணிலிருந்தே ஒரு வினாவை எடுத்துக்கொள்ளலாம்.

முதற் குறிப்பு: 'காரைக்கால் பகுதித் தலம் ஒன்றின்மேல் திருஞானசம்பந்தர் அருளிய பதிகம்.' திருநள்ளாறு, தருமபுரம், திருத்தெளிச்சேரி, திருவேட்டக்குடி என நான்கு தலங்கள் கண்முன் நிற்கும். விடை கூற இயலாது; ஆனால் தேடவேண்டிய எல்லை தெரிந்துவிடும். நல்ல முதற் குறிப்பின் இலக்கணம் இதுவே.

இரண்டாம் குறிப்பு: 'சோதனை ஒன்றில் புகழ்பெற்ற பதிகம்.' இங்கே விரைந்தவர் தோற்பார். மதுரையில் அனல்வாதத்தின்போது நெருப்பிலிட்டும் வேகாது பசுமையாய் நின்ற திருநள்ளாற்றுப் பதிகத்தையே பலரும் சொல்வர். பச்சைப் பதிகம் எனப் பெயர்பெற்ற அதன் புகழ் அத்தகையது. பொறுத்திருப்பவரோ, சோதனையால் சிறந்த பதிகம் இப்பகுதியில் இன்னொன்றும் உண்டென்பதை எண்ணிப் பார்ப்பார்.

மூன்றாம் குறிப்பு: 'சோதித்தது நெருப்பன்று, நரம்பு.' ஐயம் நீங்கிவிடுகிறது. முதல் திருமுறையின் இறுதியில், 136-ஆம் பதிகமாக நிற்கும் தருமபுரப் பதிகமே விடை. யாழ்மூரி என்பது அதன் பண்.

அதன் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். தருமபுரம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த சுற்றத்தார், பாணர் யாழிலிட்டு வாசிப்பதனாலேயே சம்பந்தரின் பதிகங்கள் உலகில் பரவுகின்றன என்று பாராட்டினர். அப்புகழ்ச்சி பாணரின் உள்ளத்தைச் சுட்டது. யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருளுமாறு அவரே சம்பந்தரை வேண்டினார். பாடப்பெற்றது, நரம்பில் அடங்கவில்லை. பாணர் யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதனைத் தடுத்து, கருவியில் அடங்கிய அளவில் வாசித்தலே முறை என்று தேற்றினார். பாடியவர் வென்றார் என்றோ, வாசித்தவர் தோற்றார் என்றோ அவ்வரலாறு முடியவில்லை. இருவரும் சேர்ந்தே அடுத்த தலங்களுக்குச் சென்றனர். தோழமைப் போட்டிக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை.

ஆயினும் இங்கே ஒன்றைக் கருதவேண்டும். மேற்கூறிய மூன்று குறிப்புகளும் ஏட்டிலிருந்து வந்தவை. பதிகத்தை ஒருமுறையேனும் காதால் கேளாதவரும் அவற்றைக் கொண்டு விடை கூறிவிடலாம். அந்த இசையை மட்டும், சொல் நீக்கிக் குழலிலோ வயலினிலோ வாசித்துக் காட்டினால் எத்தனை பேர் கண்டுகொள்வர்? யாழ்மூரியை ஓதுவார்கள் இன்று அடாணா இராகத்தில் பாடுகின்றனர். அந்த இசை நம் செவிகளில் எத்தனைக்குப் பழகியிருக்கிறது?

இது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று. தேவார ஏடுகள் கிடைத்த பின்னரும் அவற்றின் பண்கள் தெரியாது திகைத்த நிலையைத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. சோழ வேந்தனும் நம்பியாண்டார் நம்பியும் திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்று, யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டு பண்ணடைவு வகுத்தனர் என்பது அந்நூல் தரும் செய்தி. ஏடு சொல்லைக் காத்தது. இசையைக் காத்தது பாணர் குடி. யாழை உடைக்க ஓங்கிய கையின் மரபே தேவாரத்திற்குப் பண்ணை மீட்டுத் தந்தது.

காரைக்கால் அம்மையார் மூவர் முதலிகளுக்கும் முற்பட்டவர். திருவாலங்காட்டின்மேல் அவர் அருளிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டனுள் ஒன்று நட்டபாடை, மற்றொன்று இந்தளம். ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவிற்குத் திரளும் மக்கள் அனைவரும் அம்மையாரின் மாங்கனியை அறிவர். அவர்தம் பண்ணையும் அறிந்தவர் எத்தனை பேர்? அப்பதிகங்கள் செவியில் வாழவேண்டுமானால், அவை ஊரார் வாயில் வழங்கவேண்டும்.

ஆதலின் இசை வினாவிடை நடத்துவோர்க்கு ஒரு வேண்டுகோள். முதற் குறிப்பு இசையாக இருக்கட்டும். ஊரும் பெயரும் ஆண்டும் பின்னர் வரட்டும். விடையின் பெயரைச் சொன்னவர்க்குப் பாதி மதிப்பெண் போதும். மறுபாதி, அதனை ஓரடியேனும் பண்ணோடு பாடிக் காட்டுபவர்க்கு உரியது. குரல் நடுங்கினும் குற்றமில்லை. யாழுக்கே அடங்காத பாட்டு மனிதக் குரலில் அடங்கிய அளவு அடங்கட்டும்.