வீரமந்திரியின் மறுப்பு



பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களில் பலர் ஏ-9 வீதியால் முகமாலையைக் கடந்து வந்தவர்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். போர் ஓய்ந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே மிதிவெடி அகற்றுவோர் முழங்காலில் இருந்தபடி மண்ணைச் சிறுகச் சிறுகக் கிளறினார்கள். படையினனின் காலும் மாடு தேடிப் போகும் சிறுவனின் காலும் மிதிவெடிக்கு ஒன்றுதான். ஆள் பார்க்காமல் கொல்லும் ஆயுதம் எதுவென்று இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அத்தகைய ஆயுதங்களுள் மிகப் பெரியதான அணுவாயுதத்தைப் பற்றிப் பேசவே இங்கு நிற்கிறேன்.

1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டில் ஏறத்தாழ 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் பிளவுற்றது ஒரு கிலோவுக்கும் குறைவு. அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டவர்கள் சுமார் 1,40,000 பேர் என்பது மதிப்பீடு. நம் பல்கலைக்கழகம் வளாகமாகத் தொடங்கிய அதே 1974இல் இந்தியா பொக்ரானில் தன் முதற் சோதனையை நடத்தியது. 1998இல் பாகிஸ்தானும் சேர்ந்துகொண்டது.

இந்த ஆயுதத்தைச் சட்டம் அனுமதிக்கிறதா என்று ஐ.நா. பொதுச்சபை 1994இல் சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்டது. நம் நாட்டவரான கிறிஸ்தோபர் வீரமந்திரி அங்கே நீதிபதியாக இருந்தார். மறு ஆண்டு மார்ஷல் தீவுகளின் லிஜோன் எக்னிலாங் என்ற பெண் அந்த நீதிமன்றம் இருக்கும் தி ஹேக்கில் சாட்சி சொன்னார். 1954 மார்ச் 1இல் பிகினியில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல் ரொங்கெலாப் தீவில் பொழிந்தபோது அவர் சிறுமி. எலும்பில்லாமல், தோலூடே உள்ளுறுப்புத் தெரியப் பிறந்த சிசுக்களைப் பற்றி அவர் சொன்னதை வீரமந்திரி பின்னர் எழுதிய தன் மறுப்புரையில் பதிந்து வைத்தார்.

1996 ஜூலை 8இல் நீதிமன்றம் கருத்துரைத்தது. பொதுவாக இந்த ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டத்துக்கு முரண்; ஆனால் ஒரு நாடே அழியும் நிலையில் தற்காப்புக்காகப் பயன்படுத்தலாமா என்பதில் முடிவு கூற இயலாது என்றது. வாக்குகள் ஏழுக்கு ஏழு; தலைவரின் வாக்கே தீர்மானித்தது. அந்த 'ஆனால்' வீரமந்திரிக்கு ஒப்பவில்லை. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்று நீண்டதொரு மறுப்புரை எழுதினார்.

அதில் அவர் இராமாயணத்தை அழைத்து வருகிறார். எதிரியின் குலம் முழுவதையும் அழிக்கும் ஆயுதத்தை இலக்குவன் எடுக்க முனைய, இராமன் தடுக்கிறான். இராவணனின் போர் நியாயமற்றதாயினும், ஆயுதம் ஏந்தாதவரைக் கொல்லப் போர்நெறி இடம் தராது என்கிறான். இலங்கைக் குடிகளைக் காத்த அந்த நியாயத்தை இலங்கையர் ஒருவர் உலக நீதிமன்றில் எடுத்துவைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. எதிரி கொடியவன் என்பதே எல்லாக் குண்டுகளுக்கும் சொல்லப்படும் சாட்டு. அவர் மறுத்தது அந்தச் சாட்டைத்தான்.

விஞ்ஞான பீடத்துப் பிள்ளைகளே, ஜோசப் ரொட்பிளாட்டை அறிந்துகொள்ளுங்கள். ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும் 1944இன் இறுதியில் அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வுக்கூடமான லொஸ் அலமொஸை விட்டு வெளியேறிய பௌதிகவியலாளர் அவர். அணுவாயுதத்துக்கு எதிராக விஞ்ஞானிகளைத் திரட்டி அவர் வளர்த்த பக்வாஷ் இயக்கத்துக்குப் பின்னாளில் நம் நாட்டு இராஜதந்திரி ஜயந்த தனபால தலைமை தாங்கினார்.

2023இல் இலங்கை அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. அணுவாயுதம் வைத்திருக்கும் நாடு எதுவும் அதில் இல்லை.

சட்டம் கற்ற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். வீரமந்திரியின் மறுப்புரையைத் தமிழாக்குங்கள். கதிரியக்கம் பற்றிய பகுதிகளுக்கு மருத்துவ, விஞ்ஞான பீட நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் எடுத்து வாசிக்கும் மொழியில் அது அமையட்டும்.