திரும்பக் குழந்தையாகும் ஜெல்லி மீன்

சாகாத உயிர் உண்டா? கிட்டத்தட்ட உண்டு.

மத்தியதரைக் கடலில் ஒரு ஜெல்லி மீன் இருக்கிறது. நம் மீனவர்கள் சொறி என்பார்களே, அந்த வகை. பெயர் டரிடாப்சிஸ். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. நிறமில்லாத உடம்பு. நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு தெரியும். அதுதான் வயிறு.

காயம் பட்டாலோ, பட்டினி கிடந்தாலோ, இது தொங்கும் இழைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிறு உருண்டையாகிக் கடலடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தன் குழந்தைப் பருவத்துக்கே திரும்பிவிடும். ஆமாம், திரும்பிவிடும்! கோழி மறுபடி முட்டையாவது மாதிரி. அங்கிருந்து புதிதாக வளரும். 1996இல் ஆய்வாளர்கள் இதை விவரமாக எழுதினார்கள்.

அப்படியானால் அதற்குச் சாவே இல்லையா? இருக்கிறது. பெரிய மீன் விழுங்கினால் முடிந்தது. நோய் வந்தாலும் அப்படித்தான். மூப்பிலிருந்து தப்பலாம், சாவிலிருந்து தப்ப முடியாது.

இந்த வரம் நமக்குக் கிடைத்தால்? எனக்கு வேண்டாம். உங்கள் வீட்டுப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். கை அளவிலேயே உப்புப் போட்டு ரசம் வைப்பவர். பேரப்பிள்ளைக்கு வசம்பு உரசிக் கொடுப்பவர். அவர் மறுபடி கைக்குழந்தை ஆகிவிட்டால், அந்தக் கைப்பக்குவம் எங்கே போகும்? உங்கள் பெயர்கூட அவருக்குத் தெரியாதே! உயிர் இருக்கும். பாட்டி இருக்க மாட்டார்.

மூட்டு வலிக்கும் மறதி நோய்க்கும் மருந்து தேடுகிறார்களே, அந்த ஆராய்ச்சி ஜெயிக்கட்டும். பாட்டி பாட்டியாகவே இன்னும் பத்து வருஷம் நடமாடட்டும். எனக்கு அந்த ஆசைதான்.