எழுத்தும் அணியும்

(நம் சங்கத்தின் திங்கட்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அச்சிலும் வரைகலையிலும் எளிமை வேண்டுமா, அலங்காரம் வேண்டுமா என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். ஆண்டு மலர் அச்சேறும் காலம் நெருங்கிவரும் வேளையில் இப்பொருளைக் கொடுத்ததில் ஓர் உட்கருத்து இருக்கக்கூடும் என்று ஐயுறுகிறோம். இருப்பின், அதனை வரவேற்கிறோம்.

முதலில் நம் பிழை ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்க வாயிலில் புதிய பெயர்ப்பலகை ஒன்று நாட்டினோம். 'தமிழ்' என்னும் சொல்லின் ழகரத்தை மயிலாகவே தீட்டச் செய்தோம். எழுத்தின் வால் தோகையாக விரிந்தது. அதன் மேலிருந்த புள்ளி மயிலின் கொண்டையாயிற்று. செய்வித்தவர்களும் நாமே, கண்டு மகிழ்ந்தவர்களும் நாமே. ஒரு ஞாயிறன்று, அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த ஒரு சிறுமி பலகையின் கீழே நின்றாள். "த" என்றாள், "மி" என்றாள், பிறகு நின்றுவிட்டாள். "மாமா, அடுத்தது எழுத்தா, மயிலா?" என்று கேட்டாள். அருகிலிருந்தோர் அனைவரும் சிரித்தனர். அக்குழந்தை சிரிக்கவில்லை. தன் மொழியின் பெயரைத் தன்னால் படிக்க முடியவில்லையே என்ற வாட்டந்தான் அதன் முகத்தில் இருந்தது.

அன்பர்களே, சென்னையிலோ மதுரையிலோ வளரும் குழந்தைக்கு இத்தகைய பலகை ஒரு குறையன்று. அக்குழந்தை பேருந்தில் தமிழைக் காண்கிறது, கடைத்தெருவில் காண்கிறது, மளிகைப் பொட்டலத்தில் காண்கிறது. ஒரு பலகையில் ழகரம் மயிலானால், ஒன்பது பலகைகளில் அது ழகரமாகவே இருக்கும். இத்தலைநகரில் நம் நிலை என்ன? தெருப் பலகைகள் பலவற்றில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது ஆகிய நான்கு மொழிகளைக் காண்கிறோம். அது இந்நகரின் வரலாற்றுக்குப் பொருத்தமானதே. அதில் நமக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் கண்ணில் தமிழ் எழுத்து எங்கே படுகிறது? தமிழ்ப் பள்ளிகளிற் பயில்வோர் சிலர். ஏனையோர்க்குக் கோயில் வாயில், சங்கப் பலகை, திருமண அழைப்பிதழ், நம் ஆண்டு மலர் ஆகிய இவையே உள்ளன. ஆகவே, இங்கே நாம் எழுதும் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் அரிச்சுவடியின் ஓர் ஏடு என்று கொள்ளல் வேண்டும். இந்த ஒரு கருத்தை உங்கள் முன் வைப்பதற்காகவே இன்று வந்துள்ளோம்.

எளிமையும் அலங்காரமும் பற்றிய வழக்கு உலகெங்கும் நடந்த வழக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரத்துக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் என்பார், 'அலங்காரமும் குற்றமும்' என்னும் பொருள்பற்றிப் பேசி, அலங்காரம் நாகரிகத்திற் பின்தங்கியோர்க்கே உரியது என்று வாதிட்டார். உடலிற் பச்சை குத்திக்கொள்ளும் பாப்புவா மக்களையும் அதற்குச் சான்று காட்டினார். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. விடியலில் வாயில் தெளித்துக் கோலமிடும் தாய்மாரின் மக்கள் நாம். கோலம் குற்றமென்று கூறுவார் எவராயினும், அவர் நம் வாயிற்படியைத் தாண்டி உள்ளே வரவியலாது.

ஆயினும் அக்கோலத்தையே சற்று உற்று நோக்குவோம். முதலிற் புள்ளிகளை வரிசையாக வைக்கிறார்கள். கோடு அப்புள்ளிகளைத் தழுவிச் செல்கிறது. புள்ளிக் கணக்குத் தவறினால் கோலமே தவறிவிடும். அங்கே அழகு என்பது ஒழுங்கின்மேல் ஒட்டிவைத்த பூவன்று. ஒழுங்கே அழகாக மலர்ந்தது. கோலம் வாயிலை மறைப்பதுமில்லை. 'இது வாயில், உள்ளே வருக' என்று அது காட்டுகிறது. நம் மயிலோ எழுத்தைக் காட்டவில்லை, மறைத்தது. குற்றம் அலங்காரத்தில் இல்லை. அது நிற்கும் இடத்தில் உள்ளது.

மக்கள் நன்மைக்காக வரைகோல் எளிமையைத் தேர்ந்த இரு நிகழ்ச்சிகளை இங்கே நினைவுகூர்வோம்.

முதலாவது நம் நாட்டில் நிகழ்ந்தது. 1951ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் 100க்கு ஏறத்தாழ 18 பேரே. அவ்வாண்டின் இறுதியிலும் 1952ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாக முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்கள் தம் விருப்பத்தை எவ்வாறு தெரிவிப்பது? சின்னங்கள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். நுகம் பூட்டிய இரட்டைக் காளை, குடிசை, ஆலமரம், விளக்கு என அனைத்தும் உழவரும் தொழிலாளரும் நாள்தோறும் காணும் பொருள்கள். அவற்றைச் சுற்றிக் கொடியும் மலரும் சேர்த்திருந்தால் என்னவாகியிருக்கும்? ஒரு சின்னத்தை மற்றொன்றாக மக்கள் மயங்கியிருப்பர். ஒரு மூதாட்டியின் வாக்கு அவள் எண்ணிய இடத்திற் சேர்வதற்கு, அச்சித்திரத்தின் எளிமை துணைநின்றது. குடியாட்சிக்கு எளிய கோடும் ஒரு தூணாயிற்று என்றால் அது மிகையன்று.

இரண்டாவது இலண்டன் மாநகரத்தது. அங்கே நிலத்தடி இருப்புப்பாதைகள் பெருகியபோது, அவற்றின் படம் நூற்சிக்கல் போலாயிற்று. பொறியியல் வரைவாளராக இருந்த ஹாரி பெக் என்பவர் 1931ஆம் ஆண்டில் புதிய படமொன்றை வரைந்தார். பாதையின் வளைவுகளையும் நிலையங்களுக்கிடையேயுள்ள உண்மைத் தொலைவையும் அவர் விட்டுவிட்டார். கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகிய மூன்றே போதுமெனக் கொண்டார். மேலிடத்தார் அதனை முதலில் ஏற்கவில்லை. 1933ஆம் ஆண்டில் அச்சிட்டு வழங்கியபோது மக்கள் விரும்பி ஏற்றுக்கொண்டனர். 2002ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய நம் தில்லி மெட்ரோவின் படத்திலும் வண்ணக் கோடுகளாக அம்முறையையே காண்கிறோம்.

இதில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. நிலத்தின்மேலுள்ள தெரு, பூங்கா, மாளிகை யாவற்றையும் நீக்கிய பெக், ஒன்றை மட்டும் நீக்கவில்லை. அது தேம்ஸ் ஆறு. ஆற்றின் எக்கரையில் நிற்கிறோம் என்பதே இலண்டன் மக்கள் திசையறியும் வழி. ஆகவே அதனை இருத்திக்கொண்டார். எளிமை என்பது அனைத்தையும் துடைத்துவிடுவதன்று. எதை இருத்த வேண்டும் என்று அறிவதே எளிமை.

எளிமையும் ஒரு வெறியாக மாறக்கூடும் என்பதற்கும் சான்று உண்டு. ஜெர்மானிய அச்சுக்கலைஞர் யான் சிகோல்ட் 1928ஆம் ஆண்டில் 'புதிய அச்சுக்கலை' என்னும் நூலை வெளியிட்டார். பழைய அலங்காரங்களையும் பழைய எழுத்து வடிவங்களையும் அதிற் கடிந்து ஒதுக்கினார். 1933ஆம் ஆண்டில் நாஜி ஆட்சியினர் அவரைச் சிறையிட்டனர். விடுபட்டபின் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். காலப்போக்கில், தம் பழைய கொள்கையிலும் வன்மையான கட்டாயம் இருந்ததென்று அவரே உணர்ந்தார். 1947ஆம் ஆண்டில் பெங்குவின் நிறுவனத்தின் நூல்களைச் செப்பனிடச் சென்றபோது மரபான எழுத்துகளையே பயன்படுத்தினார். அங்கு அவர் வற்புறுத்தியவை எழுத்திடைவெளி, வரியிடைவெளி, ஓரவெளி, ஒழுங்கு ஆகியவையே. மலிவு விலை நூலுக்கும் அவை மாண்பளித்தன. கொள்கைக்காக எளிமையன்று, படிப்பவனுக்காகவே எளிமை.

இவையெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. நம் மரபைப் பார்ப்போம். தண்டியலங்காரம் அணியிலக்கணம் கூறும் நூல். அலங்காரத்தைக் கற்பிப்பதற்கென்றே எழுந்த அந்நூல், 35 பொருளணிகளுள் எதனை முதலில் வைக்கிறது? உவமையை அன்று, உருவகத்தை அன்று, தன்மையணியை வைக்கிறது. ஒரு பொருளின் தன்மையை உள்ளவாறு எடுத்துரைப்பதே தன்மையணி. உள்ளதை உள்ளவாறு கூறுவதும் ஓர் அணி, அதுவே முதலில் வைத்து எண்ணத்தக்க அணி எனக் கண்டவர் நம் முன்னோர்.

தஞ்சைப் பெருங்கோயிலைப் பாருங்கள். 1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் காலத்தில் நிறைவெய்திய அக்கோயிலின் விமானமெங்கும் சிற்பம். ஆனால் அடித்தளத்திற் பொறித்த கல்வெட்டு எழுத்துகளில் கொடியுமில்லை, மயிலுமில்லை. வரிவரியாக, ஒழுங்காக நிற்கின்றன. சிற்பம் செதுக்கத் தெரிந்த கைகளுக்கு எழுத்தையும் சிற்பமாக்கத் தெரியாமற் போயிற்றா? கொடையின் கணக்கைப் பின்வருவோர் படித்தறிய வேண்டும். ஆகவே எழுத்தை எழுத்தாகவே விட்டனர். சிற்பத்திற்குரிய இடத்திற் சிற்பம், எழுத்திற்குரிய இடத்தில் எழுத்து.

1958ஆம் ஆண்டில் இந்திய அரசின் வேண்டுகோளின்படி நம் நாட்டுக் கைவினைகளை ஆராய்ந்த சார்லஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க இணையர், தாம் கண்ட பொருள்களுள் நம் வீட்டுச் சொம்பையே பெரிதும் போற்றினர். தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு, நீர் முகக்கவும் ஊற்றவும் சுமக்கவும் ஏற்றவாறு தேர்ந்து வந்த வடிவம் அது. அவர்களுடைய அறிக்கையைத் தொடர்ந்து 1961ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. எளிமையை நாம் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. அது நம் அடுக்களையிலேயே இருக்கிறது.

இவ்வளவு மரபிருந்தும் நம் அழைப்பிதழ்கள் ஏன் இவ்வாறாயின? காரணம் எளிது. ஈய எழுத்துக் காலத்தில், அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து அடுக்கினார். பூங்கரை வேண்டுமெனில் அதற்கெனத் தனி வார்ப்புகள் வேண்டும். நேரமும் கூலியும் மிகும். செலவே நம்மைக் கட்டுப்படுத்தியது. இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் நிழல் விழுகிறது; மீண்டும் அழுத்தினால் பொன்னிறம் பாய்கிறது; நூறு வகை எழுத்துகள் காத்திருக்கின்றன. வெளியே கட்டுப்பாடு நீங்கியபின் அது உள்ளத்திலிருந்தே வருதல் வேண்டும். ஒரு பக்கத்தில் குத்துவிளக்கு, வீணை, கோபுரம், தாமரை, தோரணம் ஐந்தும் இருந்தால் கண் எதில் நிற்கும்? நாளும் நேரமும் இடமும் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். திருமண வீட்டில் விருந்தினரையெல்லாம் முன்வரிசையில் அமர்த்திவிட்டு, மணமகளை அடுக்களையில் நிறுத்தியதற்கு அது ஒப்பாகும்.

செயற்குழுவில் இதுபற்றிப் பேசியபோது பெரியவர் ஒருவர், "வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து மட்டும் இருந்தால் அது காரியப் பத்திரிகை போலாகாதா?" என்று வினவினார். நியாயமான வினா. எளிமை என்பது வறுமை அன்று. மங்கலத்தைத் துறப்பதும் அன்று. அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோமே, அதனை நோக்குங்கள். தாளின் ஓரத்தில் நின்று, ஓர் எழுத்தையும் தீண்டாமல், இது நற்செய்தி என்று தொட்டவுடன் கூறிவிடுகிறது. அலங்காரம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு அந்த மஞ்சளே இலக்கணம்.

ஆகவே இவ்வாண்டு மலர்க்குழுவினர்க்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: மலரின் உள்ளே படிப்பதற்குரிய பகுதிகள் யாவும், குழந்தைகள் வகுப்பிற் பயிலும் வடிவத்தையொட்டிய ஒரே எழுத்தில், போதிய அளவிலும் இடைவெளியிலும் அமைதல் வேண்டும். இரண்டு: சித்திரமும் கோலமும் தமக்குரிய இடம் பெறட்டும்; எழுத்தின் பின்னாலும் மேலாலும் படரவேண்டா. மூன்று: அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் நம் குடியிருப்பின் மிக மூத்தவர் ஒருவரிடமும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை ஒன்றிடமும் காட்டுங்கள். இருவரும் தடையின்றிப் படித்தால் அச்சிடுக; ஒருவர் தயங்கினாலும் திருத்துக. இதனினும் சிறந்த தேர்வு எந்த வடிவமைப்புக் கல்லூரியிலும் இல்லை.

பலகை என்னவாயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். அதனைப் புதிதாக எழுதச் செய்தோம். மயிலை நாம் கைவிடவில்லை. அது இப்போது பலகையின் இடப்புறம் தனியே, தோகை விரித்து நிற்கிறது. நடுவே 'தமிழ்' என்னும் சொல் மூன்றெழுத்தும் தெளிவாக நிற்கிறது. முன்னர்த் தயங்கிய அச்சிறுமி இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கிறாள். தன் தம்பியைப் பலகையின் கீழ் நிறுத்தி, விரலாற் சுட்டி, அச்சொல்லைப் படித்துக் காட்டுவதை நாம் கண்டோம். அவன் மூன்றாம் எழுத்தையும் சொன்னான். நாக்குச் சற்று இடறியது, கண் இடறவில்லை. நாவை வகுப்பில் திருத்திக்கொள்ளலாம். கண்ணுக்கு இடையூறு செய்யாதிருப்பது நம் கடமை.